பூமி அசையாது என்கிற வசனமும் தள்ளாடும் என்கிற வசனமும்

நீங்கள் நான்கு வசனங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். பூமி ஒருபோதும் நிலைபேராது என்கிறது சங்கீதம் 104:5. வெறித்தவனைப்போலத் தள்ளாடும் என்கிறது ஏசாயா 24:20. பூமி என்றைக்கும் நிலைத்திருக்கிறது என்கிறது பிரசங்கி 1:4. எரிந்து அழிந்துபோகும் என்கிறது 2 பேதுரு 3:10. ‘இதில் எதை நம்புவது? நண்பர் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூமி அசையுமா அசையாதா என்பது ஒன்று. பூமிக்கு முடிவு உண்டா இல்லையா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் கொஞ்ச தூரம்தான் உறுதியாகப் போக முடியும். இவ்விரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இதை எழுதியவர்களுக்கு இந்த முரண் தெரியாமலா போயிற்று?

அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்தவன். சங்கீதங்களை மாணவர்களோடு மூலமொழியில் வரிவரியாக வாசிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கிரேக்கப் பகுதிகளில் அந்த அளவுக்குப் பழக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

104-ஆம் சங்கீதத்தை 5-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் கடைசிவரை வாசித்துப் பாருங்கள். 32-ஆம் வசனத்தில் ‘அவர் பூமியை நோக்கிப்பார்க்க, அது அதிரும், அவர் பர்வதங்களைத் தொட, அவைகள் புகையும்’ என்று வருகிறது. அதே பாட்டு, அதே பாடகன், அதே பூமி. தொடக்கத்தில் நிலைபேராது என்று பாடியவனே முடிக்கும்போது அதிரும் என்று பாடுகிறான். 1 நாளாகமம் 16:30 இன்னும் நெருக்கமானது. பழைய திருப்புதலில் (நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) ‘பூலோகத்தாரே, நீங்கள் யாவரும் அவருக்கு முன்பாக நடுங்குங்கள்’ என்று தொடங்கி, அதே வசனத்திலேயே பூச்சக்கரம் அசையாதபடி உறுதிப்பட்டிருக்கிறது என்று முடிகிறது. ‘பூலோகத்தாரே’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘பூமி முழுதும்’ என்ற சொற்கள். தொழுதுகொள்ள அழைக்கப்படுகிறவர்கள் மனிதர்கள் என்பதால் மொழிபெயர்த்தவர்கள் அப்படி எழுதியதில் தவறில்லை. ஆனால் மூலத்தில் கேட்பவர் காதில் விழுவது, ‘பூமி முழுதும் அவர் முன் நடுங்கட்டும், உலகம் அசையாதபடி நிலைபெற்றிருக்கிறது’ என்பதுதான். இதே இரண்டு வரிகள் சங்கீதம் 96:9, 10-இலும் அடுத்தடுத்து வருகின்றன. ஆக, நண்பர் இரண்டு வேறு புத்தகங்களிலிருந்து எடுத்து எதிரெதிரே நிறுத்திய கூற்றுகளைப் பழங்கால இஸ்ரவேலர் ஒரே மூச்சில் பாடியிருக்கிறார்கள். இரண்டும் அவர்கள் நாவில் சேர்ந்தே இருந்தன என்பது ஊகம் இல்லை, ஏட்டிலேயே இருக்கிறது.

அப்படியானால் ‘அசையாது’ என்று சொன்னபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? மூலத்தில் உள்ள வினைச்சொல்லின் வேர் ‘மோட்’. தமிழில் இதற்கு ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாததால் வாசகருக்கு அந்த இழை அறுந்துவிடுகிறது. 46-ஆம் சங்கீதம் நல்ல உதாரணம். 2-ஆம் வசனத்தில் மலைகள் நடுச்சமுத்திரத்தில் ‘சாய்ந்துபோனாலும்’ என்று வாசிக்கிறோம். 5-ஆம் வசனத்தில் தேவன் நடுவில் இருக்கும் நகரம் ‘அசையாது’. 6-ஆம் வசனத்தில் ராஜ்யங்கள் ‘தத்தளித்தது’. சாய்வது, அசைவது, தத்தளிப்பது என்று தமிழில் மூன்று சொற்கள். எபிரெயத்தில் மூன்றும் ஒரே ‘மோட்’. மலை சரிகிறது, ராஜ்யம் சரிகிறது, நடுவில் ஒரு நகரம் மட்டும் சரியவில்லை. ஏன் சரியவில்லை என்றால், நகரத்தின் மதில் பலமானது என்று பாட்டு சொல்லவில்லை. ‘தேவன் அதின் நடுவில் இருக்கிறார்’ என்கிறது.

இந்த வேர்ச்சொல் அதிகம் பழகும் இடம் கால். நடக்கிறவன் கால் வழுக்குவது, நிலை தவறுவது. 93-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் பூச்சக்கரம் அசையாது என்கிறது. பக்கத்தைத் திருப்பினால் 94:18-இல், ‘என் கால் சறுக்குகிறது என்று நான் சொல்லும்போது, கர்த்தாவே, உமது கிருபை என்னைத் தாங்குகிறது’ என்று ஒரு மனிதன் பேசுகிறான். அங்கே சறுக்குவதும் ‘மோட்’தான். உலகத்துக்குச் சொன்ன சொல்லே ஒரு தனிமனிதனின் காலுக்கும். இந்த இரண்டு வசனங்களையும் மாணவர்களோடு அடுத்தடுத்து வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் என் மனம் அங்கே நின்றுவிடும். தாங்கப்படுவதால்தான் கால் நிற்கிறது. தாங்கப்படுவதால்தான் உலகமும் நிற்கிறது. நிலைத்திருப்பது பூமியின் சொந்தக் குணம் என்று எந்தச் சங்கீதமும் சொல்வதில்லை. பிடித்திருக்கிற கையைப் பற்றித்தான் பேச்சு. கை அதே கைதான் என்பதால் அது தொட்டால் பூமி அதிரவும் செய்யும். முரணாகத் தெரிகிற வசனங்கள் சந்திக்கும் இடம் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

‘அசையாது’ என்பதற்கு ‘விண்வெளியில் நகராது’ என்று பொருள் கொண்டதால் வந்த பெரிய விபத்து ஒன்று சரித்திரத்தில் உண்டு. கொப்பர்னிக்கஸ் 1543-இல் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய பிறகு, அவருக்கு எதிராக இதே சங்கீதம் 93-உம் 104-உம் எடுத்துக் காட்டப்பட்டன. கலிலேயோவின் வழக்கு எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒரு பெயர் டியேகோ தெ சூனிகா. ஸ்பெயின் நாட்டு அகஸ்தீன் சபைத் துறவி. யோபுவுக்கு எழுதி 1584-இல் வெளியிட்ட விளக்கவுரையில் அவர் 9:6-ஐ எடுத்துக்கொண்டார். தேவன் பூமியை ‘அதின் ஸ்தானத்தினின்று அசையப்பண்ணுகிறார்’ என்று யோபு சொல்கிறாரே, பூமி நகர்கிறது என்பதற்கு இது வேதத்திலேயே உள்ள ஆதாரம் அல்லவா என்றார். 1616-இல் ரோமில் கொப்பர்னிக்கஸின் நூலை நிறுத்தி வைத்த அதே ஆணை, திருத்தும்வரை சூனிகாவின் நூலையும் நிறுத்தி வைத்தது. ஒரு பக்கம் சங்கீதத்தை வைத்துப் பூமி நகராது என்றார்கள், மறுபக்கம் யோபுவை வைத்து நகரும் என்றார் அவர். இரு தரப்பும் ஒரே தவறைச் செய்தன என்பது என் கருத்து. யோபு 9 பேசுவது ஒரு மனிதன் எதிர்த்து வழக்காட முடியாத வல்லமையைப் பற்றி. பூமியின் சுற்றுப்பாதை அங்கே யார் மனதிலும் இல்லை. சங்கீதம் 125:1-ஐயே எடுங்கள். கர்த்தரை நம்புகிறவர்கள் என்றென்றைக்கும் அசையாத சீயோன் பர்வதத்தைப்போல் இருப்பார்கள் என்கிறது. நம்புகிறவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டான் என்று அதை யாரும் வாசிப்பதில்லை.

சரி, எதற்கு எதிராக இந்த ‘அசையாது’? அதையும் அந்தந்தச் சங்கீதமே சொல்கிறது. 93-இல் அடுத்து வருவது நதிகள், அவை எழுப்பும் இரைச்சல், சமுத்திரத்தின் அலைகள். 104-இல் அடுத்து வருவது பூமியை வஸ்திரம்போல் மூடியிருந்த ஆழமான தண்ணீர். அது கண்டிக்கப்பட்டு விலகி ஓடுகிறது, திரும்பி வந்து பூமியை மூடாதபடி எல்லை குறிக்கப்படுகிறது. ‘நிலைபேராது’ என்றால் அந்தத் தண்ணீரில் மறுபடி முழுகாது என்று பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் ஏசாயா 24 எவ்வளவு பயங்கரமான அதிகாரம் என்பது புரியும். 18-ஆம் வசனத்தில் ‘உயர இருக்கும் மதகுகள்’ திறவுண்டு போகின்றன. அது நோவாவின் நாளில் திறந்த மதகுகளின் எதிரொலி. அதற்கடுத்த வசனத்தில் தீர்க்கதரிசி ‘அசையவே அசையும்’ என்று இரட்டித்துச் சொல்கிறான். அங்கே அவன் எடுத்திருக்கும் வேர் எது தெரியுமா? அதே ‘மோட்’. சங்கீதம் ஒருபோதும் நடக்காது என்று சொன்ன வினைச்சொல்லையே எடுத்து, நடக்கும் என்கிறான். ஆலயத்தில் அந்தப் பாட்டு ஒலித்த காதுகளுக்கு அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காரணத்தையும் 5-ஆம் வசனத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டான்: குடிகள் நியாயப்பிரமாணங்களை மீறி, நித்திய உடன்படிக்கையை முறித்தார்கள். சங்கீதம் 82:5-உம் இதே மாதிரிதான். ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயம் செய்யாத நியாயாதிபதிகளைக் கண்டித்துவிட்டு, அஸ்திபாரங்களெல்லாம் அசைகின்றன என்கிறது. அங்கேயும் ‘மோட்’தான். உலகம் அசையாது என்ற 96:10, அதே வசனத்தில் அவர் ஜனங்களை நிதானமாய் நியாயந்தீர்ப்பார் என்று முடிவதும் தற்செயல் இல்லை. நியாயம் நிற்கும் இடத்தில் நிலம் நிற்கும், நியாயம் புரண்டால் நிலமும் புரளும் என்பது அவர்களுடைய பார்வை.

இவர்கள் நில அதிர்ச்சி தெரியாத மக்களும் அல்ல. யோர்தான் பள்ளத்தாக்கும் சவக்கடலும் ஒரு பெரிய நிலப்பிளவின்மேல் கிடக்கின்றன. 1927 ஜூலையில்கூட அங்கே பெரிய பூகம்பம் வந்து, எருசலேம் முதல் நாபுலுஸ் வரை கட்டிடங்கள் இடிந்தன. ஆமோஸ் புத்தகத்தின் முதல் வசனமே ‘பூமியதிர்ச்சி உண்டாக இரண்டு வருஷத்துக்கு முன்னே’ என்று நாள் குறிக்கிறது. உசியா ராஜாவின் காலம், கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. அந்த அதிர்ச்சியில் ஜனங்கள் ஓடியதைச் சகரியா 14:5 வெகுகாலம் கழித்தும் நினைவுகூருகிறது. 1950-களில் ஆத்சோர் என்ற பழைய நகரத்தைத் தோண்டிய தொல்லியலாளர் யிகாயேல் யாதீன், அந்த நூற்றாண்டுக்குரிய அடுக்கில் சாய்ந்த சுவர்களைக் கண்டு, அவை பூகம்பத்தில் விழுந்தவை என்று முடிவு செய்தார். ஆமோஸ் சொன்ன அதே பூகம்பமா என்பது நியாயமான ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் காலடியில் நிலம் ஆடியதைப் பார்த்த ஜனங்கள்தான் ‘பூச்சக்கரம் அசையாது’ என்று பாடினார்கள் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆடாத நிலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதிய வரி அல்ல அது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் சில சுலபமான பதில்களை நீங்கள் நண்பரிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எபிரெயத்தில் பூமிக்கு ‘எரெத்ஸ்’, ‘தேவெல்’ என்று இரண்டு சொற்கள் உண்டு, ஒன்று அசையும், மற்றது அசையாது என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்காது. சங்கீதம் 104:5-இல் நிலைபேராமல் இருப்பது எரெத்ஸ், ஏசாயா 24:19-இல் அசைவதும் எரெத்ஸ். நாகூம் 1:5-இல் தேவெலும் சேர்ந்தே எடுபட்டுப்போகிறது. இன்னொரு பதில், ஏசாயா 24 யூதா தேசத்தை மட்டும் பற்றியது என்பது. எரெத்ஸ் என்றால் நாடு என்றும் பொருள் உண்டு, பழைய திருப்புதலும் அங்கே ‘தேசம்’ என்றே போட்டிருக்கிறது, அதனால் இதற்குக் கொஞ்சம் பலம் உண்டு. ஆனால் 4-ஆம் வசனத்தில் உலகம் முழுவதையும் குறிக்கும் தேவெல் இணையாக வருகிறது, மதகுகளும் பூமியின் அஸ்திபாரங்களும் வருகின்றன. ஒரு நாட்டுக்குள் அதை அடக்குவது கடினம். ‘எல்லாம் கவிதைதானே’ என்று தள்ளிவிடுவதும் உதவாது. கவிதைதான், ஆனால் கவிதையும் ஒன்றைச் சொல்லத்தான் பிறக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, முடிவைப் பற்றியது. பிரசங்கி 1:4-இல் ‘என்றைக்கும்’ என்று வரும் சொல் ‘ஓலாம்’. கண்ணுக்கு எட்டாத நீண்ட காலம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். எவ்வளவு நீளம் என்பதை எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கும். யாத்திராகமம் 21:6-இல் எஜமானை விட்டுப் போக விரும்பாத அடிமை ‘என்றைக்கும்’ சேவிப்பான், அதாவது சாகும்வரை. மீன் வயிற்றில் யோனாவைப் பூமியின் தாழ்ப்பாள்கள் ‘என்றென்றைக்கும்’ அடைத்தன. அந்த என்றென்றைக்கும் மூன்று நாளில் முடிந்தது, ஆனால் உள்ளே இருந்தவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆபகூக் 3:6 எல்லாவற்றையும்விடத் தெளிவு: ‘என்றுமுள்ள மலைகள் தாழ்ந்தன’. ஓலாம் மலைகள், ஆனாலும் தாழ்கின்றன. ஆகவே ஓலாம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பூமிக்கு முடிவே இல்லை என்று நிரூபிக்க முடியாது. அதே ஓலாம் தேவனுக்கும் பயன்படுகிறது என்பதால், ‘எப்போதும் கொஞ்ச காலம்தான்’ என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. பிரசங்கிக்கு அங்கே உலகத்தின் முடிவு கவலையே இல்லை. மனிதத் தலைமுறைகள் வந்து போகின்றன, அவர்கள் நின்ற தரை மட்டும் அப்படியே இருக்கிறது என்ற வேதனை அது. ஆதியாகமம் 8:22-உம் ‘பூமியுள்ள நாளளவும்’ என்று, நாள் எண்ணும் தொனியில்தான் பேசுகிறது. சங்கீதம் 102:26 வானமும் பூமியும் வஸ்திரம்போல் பழமையாய்ப்போகும், சால்வையைப்போல் மாற்றுவீர் என்கிறது. பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே பூமிக்கு முடிவற்ற ஆயுள் என்ற கோட்பாடு இல்லை என்பதுவரை நான் உறுதியாகச் சொல்வேன்.

அழிவா, புதுப்பித்தலா என்று கேட்டால்தான் தரை வழுக்கத் தொடங்குகிறது. 2 பேதுரு 3:10-இன் கடைசிச் சொல்லே பிரச்சினைக்குரியது. பூமியும் அதிலுள்ள கிரியைகளும் ‘எரிந்து அழிந்துபோம்’ என்று நாம் வாசிப்பது, 5-ஆம் நூற்றாண்டின் அலெக்ஸாந்திரியக் கையெழுத்துப் பிரதி போன்றவற்றின் பாடம், அதாவது அவற்றில் எழுதியிருக்கும் சொல். அதைவிடப் பழைய, 4-ஆம் நூற்றாண்டுப் பிரதிகளான சீனாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்த இடத்தில் ‘கண்டறியப்படும்’ என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல் இருக்கிறது. அப்படியானால் அர்த்தம், நெருப்பு எல்லாவற்றையும் துடைத்தபின் பூமியும் அதில் செய்யப்பட்டவைகளும் நியாயத்தீர்ப்புக்கு முன் வெளியரங்கமாகும் என்பது போல வரும். இந்தப் பாடம் வாசிக்கக் கடினமாக இருப்பதாலேயே பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2012-இல் வந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 28-ஆம் நெஸ்லே–ஆலண்ட் பதிப்பு, பழைய கொப்து, சீரியா மொழிபெயர்ப்புகளை வைத்து ‘கண்டறியப்படாது’ என்று எதிர்மறையாகவே அச்சிட்டிருக்கிறது. இதைத் தொழிலாகக் கொண்டவர்களே ஒத்துப்போகாத இடத்தில், ஒரு வினைச்சொல்லை நம்பி யாரும் உலகத்தின் முடிவைக் கட்டக் கூடாது.

அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. நோவாவின் நாளில் ‘அப்பொழுதிருந்த உலகம்’ ஜலப்பிரளயத்தினால் அழிந்தது என்கிறார் பேதுரு. அழிந்தது என்று சொல்லும் அவரே, நோவா பேழையிலிருந்து இறங்கி அதே தரையில் நின்றதையும் அறிவார். ஆக, அழிவு என்ற சொல் இல்லாமல் போவதை மட்டும் குறிக்கவேண்டியதில்லை. ரோமர் 8:21-இல் சிருஷ்டி விடுதலையாக்கப்படும் என்கிறார் பவுல். ஒழிந்துபோகிற ஒன்றை விடுதலையாக்குவது என்று யாரும் பேசமாட்டார்கள். இவற்றைக்கொண்டு, இந்தப் பூமியே புதுப்பிக்கப்படும் என்ற பக்கம் நான் சாய்கிறேன். சீர்திருத்த சபை மரபில் பலரும் அப்படியே வாசித்தார்கள். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் லுத்தரன் இறையியலாளர் யோவான் கெர்ஹார்ட் போன்றவர்கள் முழு அழிவையே போதித்தார்கள். வெளிப்படுத்தல் 20:11-இல் பூமியும் வானமும் அகன்றுபோய், அவற்றுக்கு இடம் காணப்படவில்லை என்று வாசிக்கும்போது, அவர்கள் பக்கமும் வசனம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டை நான் பூசி மறைக்க விரும்பவில்லை. நண்பரும் அதை மறைக்காத பதிலையே மதிப்பார்.

அவரிடம் பேசும்போது நான்கு வசனங்களையும் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். முதலில் 104-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள், 5-ஐயும் 32-ஐயும் அவரே கண்டுபிடிக்கட்டும். அதன்பின் ஏசாயா 54:10-ஐக் காட்டுங்கள். ‘பர்வதங்கள் நிலைபெயர்ந்தாலும்’, ‘என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும்’ என்று தமிழிலும் ஒரே சொல் இரண்டு தடவை வருகிறது. எபிரெயத்தில் இரண்டும் ‘மோட்’. இந்த ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பு அந்த இழையை அறுக்காமல் காப்பாற்றியிருக்கிறது. 2 பேதுருவை அவர் மறுபடி கேட்டால் மட்டும் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிப் பேசுங்கள்.